வாக்கியத்தைப் பகுத்துப் பிழை காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுதிய உரையில் இலக்கணப் பிழை இருக்கிறதா என்று கணினி சொல்ல வேண்டுமானால், அது வாக்கியத்தின் அமைப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிரிப்பைச் செய்யும் நிரலைப் 'பார்சர்' என்பார்கள். இங்கே 'பகுப்பான்' என்று எழுதுகிறேன். தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்றுக்காகச் சில ஆண்டுகளாக விதிகள் எழுதி, உடைத்து, மறுபடியும் எழுதி வருகிறேன். அந்த வேலையைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகள் தமிழ். முறைகள் எல்லா மொழிக்கும் பொது.

எழுத்துப்பிழை திருத்தி ஏற்கெனவே இருக்கிறதே, வாக்கிய அமைப்பு எதற்கு?

எழுத்துப்பிழை திருத்தி ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பார்க்கிறது. அகராதியில் இருந்தால் விட்டுவிடும், இல்லாவிட்டால் அடியில் கோடு போடும். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

அந்தப் பெட்டிகள் நேற்று வந்த வண்டியில் இருந்தது.

ஆறு சொற்கள், ஆறும் சரியான சொற்கள். எழுதியவர் சொல்ல வந்தது பெட்டிகள் வண்டியில் இருந்தன என்பதை. அப்படியானால் 'இருந்தது' பிழை. ஆனால் 'பெட்டிகள்' இரண்டாவது சொல், 'இருந்தது' ஆறாவது சொல். பக்கத்துச் சொல்லை மட்டும் சேர்த்துப் பார்த்தால் 'வண்டியில் இருந்தது' என்று குறையில்லாமல்தான் தெரியும். பிழை எந்தச் சொல்லிலும் இல்லை, இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ள உறவில் இருக்கிறது. எது எழுவாய், எது பயனிலை என்று தெரிந்தால்தான் அந்த உறவைச் சோதிக்க முடியும்.

பகுப்பது என்றால் கணினி என்னதான் செய்கிறது?

முதலில் உரையை வாக்கியங்களாக வெட்டுகிறது. இதுவே கொஞ்சம் தொல்லை பிடித்த வேலை, 'திரு.' என்பதன் புள்ளியிலும் வாக்கியம் முடிந்ததாக நினைத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு சொல்லையும் உருபுகளாகப் பிரிக்கிறது: பெட்டி + கள், வண்டி + இல், இரு + ந்த் + அது. தமிழ் மாதிரி ஒட்டுமொழியில் இந்தப் படியைத் தாண்டிப் போகவே முடியாது. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக' என்ற ஒரு சொல்லுக்குள் வினை, காலம், பால், எண், வேற்றுமை எல்லாம் அடங்கியிருக்கின்றன.

அதன் பிறகுதான் மரம், அதாவது எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று காட்டும் கிளைப்படம். இரண்டு வகையில் வரையலாம். சொற்களைத் தொடர்களாகவும், தொடர்களை இன்னும் பெரிய தொடர்களாகவும் அடுக்கிக்கொண்டு போவது ஒரு வகை. 1950களில் நோம் சோம்ஸ்கி வகுத்துக்கொடுத்த இலக்கண வடிவங்களிலிருந்து கணினிக்கு வந்தது அது. ஒவ்வொரு சொல்லும் எந்தச் சொல்லைச் சார்ந்திருக்கிறது என்று கோடு இழுப்பது இன்னொரு வகை. வாக்கியத்தின் முடிச்சு வினைச்சொல்லில் இருக்கிறது என்ற இந்தப் பார்வையை விரிவாக எழுதியவர் பிரெஞ்சு மொழியியலாளர் லூசியன் தெனியேர். அவர் இறந்தபின் 1959இல் அவருடைய நூல் வெளிவந்தது. தமிழில் சொற்களை முன்பின்னாக மாற்றி எழுதினாலும் பெரும்பாலும் பொருள் மாறுவதில்லை என்பதால் இரண்டாவது வகைதான் நமக்கு வசதி.

மேலே உள்ள வாக்கியத்தில் 'இருந்தது' உச்சியில் நிற்கும். 'பெட்டிகள்' எழுவாயாக அதில் தொங்கும், 'வண்டியில்' இடமாகத் தொங்கும். 'அந்த' பெட்டிகளோடும், 'வந்த' வண்டியோடும் சேரும். மரம் கிடைத்ததும் சோதனை ஒரு வரிதான்: எழுவாயும் பயனிலையும் எண்ணில் ஒத்துப்போகின்றனவா?

அப்படியென்றால் 'பெட்டி இருந்தன' என்று எழுதினாலும் கோடு போட வேண்டுமா?

கூடாது. இங்கேதான் பலருடைய விதி சறுக்குகிறது. 'கள்' சேராத அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' இரண்டும் சரி. பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது. ஆகவே 'கள்' இருந்தால் பயனிலையில் பன்மை தேட வேண்டும், 'கள்' இல்லாவிட்டால் எதையும் கேட்கக் கூடாது. ஆங்கிலத்துக்கு எழுதிய விதியை அப்படியே இறக்கிக்கொண்டால் பாதிக் கோடுகள் பொய்க்கோடுகளாகிவிடும்.

பகுப்பான் மிகவும் திணறும் இடம் எது?

ஒரே சொல்லுக்குப் பல வாசிப்பு இருக்கும் இடம். என் அனுபவத்தில் 'வந்தது' போன்ற சொற்களை மிஞ்ச வேறு எதுவும் இல்லை.

'அவன் நேற்று வந்தது' என்று முற்றுப்புள்ளி வைத்தால் பிழை. 'அவன்' உயர்திணை, 'வந்தது' அஃறிணை. இதைப் பிடிக்க நான் எழுதிய முதல் விதி ரொம்ப எளியது: 'அவன்' எழுவாயாக வந்து, பின்னால் 'அது' விகுதியில் வினை வந்தால் கோடு போடு. சோதனைக்குக் கொடுத்த முதல் பக்கத்திலேயே அது மாட்டிக்கொண்டது. 'அவன் நேற்று வந்தது எனக்குத் தெரியாது' என்ற குற்றமற்ற வாக்கியத்துக்குக் கீழே கோடு. இங்கே 'வந்தது' வினைமுற்று கிடையாது. அவன் வந்த செய்தி என்ற பொருளில் வரும் பெயர். முற்றாக நிற்பது 'தெரியாது'. எழுத்தில் இரண்டுக்கும் ஒரு புள்ளிகூட வேறுபாடு இல்லை. மரத்தின் உச்சியில் நிற்கிறதா, இன்னொரு வினையின் கீழே தொங்குகிறதா என்பது ஒன்றுதான் வேறுபாடு. பக்கத்துச் சொல்லைப் பார்க்கும் விதிகள் எவ்வளவு எழுதினாலும் இதில் தோற்கும். நான் முழுப் பகுப்பின் பக்கம் வந்ததற்குக் காரணமே இந்த ஒரு சொல்தான்.

இதே வரிசையில் இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் பசிப்பவர் நான்காம் வேற்றுமையில் இருக்கிறார், வினை அவரோடு ஒத்துப்போகத் தேவையில்லை. 'நேற்றே சொன்னேன்' என்பதில் எழுவாய் வெளியே தெரியவே இல்லை. இரண்டும் சரியான தமிழ்.

ஒரு வாக்கியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மரம் வந்தால் எதை நம்புவது?

எப்போதுமே ஒன்றுக்கு மேல்தான் வரும். 'பழைய புத்தகக் கடை' என்பதில் பழையது புத்தகமா, கடையா? மூன்று சொல்லை இரண்டு இரண்டாகச் சேர்க்க 2 வழி. நான்கு சொல்லுக்கு 5, ஐந்துக்கு 14, ஆறுக்கு 42. பத்துச் சொல் தொடர்ந்து நின்றால் 4,862. கணிதத்தில் இவற்றைக் கத்தலான் எண்கள் என்பார்கள்.

இத்தனையையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் கணினி நின்றுவிடும். 1960களில் காக், யங்கர், கசாமி மூவரும் தனித்தனியாகக் கண்ட வழிமுறை, சின்னத் துண்டுகளின் விடையை ஓர் அட்டவணையில் எழுதிவைத்துக்கொண்டு பெரிய துண்டுக்கு அதையே எடுத்துப் பயன்படுத்தும். வாக்கியத்தின் நீளம் இரண்டு மடங்கானால் வேலை எட்டு மடங்காகும், அதற்கு மேல் போகாது. சார்புக் கோடு இழுக்கும் பகுப்பான்களில் சில, சொற்களை இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் படித்து முடித்துவிடும்.

சரி, எதை நம்புவது? நம் பெட்டிகளுக்கே திரும்பி வருவோம். 'நேற்று' என்பதை 'வந்த'வோடு சேர்க்கலாம், 'இருந்தது'வோடும் சேர்க்கலாம். இரண்டு மரத்திலும் பெட்டிகள்தான் எழுவாய். ஆகவே இரண்டிலும் பிழை பிழைதான், எந்த மரம் சரி என்று தீர்மானிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் மூன்றாவது மரம் ஒன்று உண்டு. 'அந்தப் பெட்டிகள் நேற்று வந்த வண்டி' என்று சேர்த்துப் படியுங்கள். அதாவது பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி. இதற்கு முந்தைய வாக்கியம் 'சாவி கிடைத்துவிட்டது' என்று இருந்திருந்தால்? சாவி, அந்தப் பெட்டிகள் நேற்று வந்த வண்டியில் இருந்தது. எழுவாய் மறைந்து நிற்கிறது, வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை! நான் பிழைக்கு எடுத்துக்காட்டாகக் கொடுத்த அதே ஆறு சொற்கள்.

இதனால் நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. ஓரளவு நிகழக்கூடிய மரங்களில் ஒன்றாவது வாக்கியத்தைச் சரி என்று சொன்னால், சிவப்புக் கோடு கிடையாது. மெல்லிய நிறத்தில் 'இதைச் சரிபார்க்கலாம்' என்ற குறிப்பு மட்டும். எல்லா மரமும் பிழை என்றால்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பிழை தப்பிப்போகும், பரவாயில்லை.

வாக்கியமே பிழை என்றால் அதற்கு மரம் எப்படி வரைய முடியும்?

இந்தத் துறையின் மையக் கேள்வி இதுதான். சரியான வாக்கியங்களை மட்டும் ஏற்கும் இலக்கணத்தைக் கொடுத்தால், பிழையான வாக்கியம் வந்ததும் பகுப்பான் மரம் இல்லை என்று கைவிரிக்கும். பிழை இருக்கிறது என்பது தெரியும், எங்கே என்பது தெரியாது. எழுதுகிறவருக்கு அதனால் பயன் இல்லை.

ஐபிஎம் ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் எபிஸ்டில் என்ற அமைப்பில் நல்ல வழி ஒன்றைக் கையாண்டார்கள். முதல் முறை எண், இடம் (தன்மை, முன்னிலை, படர்க்கை) போன்ற நிபந்தனைகளை இறுக்கிப் பிடித்துப் பகுக்க வேண்டும். மரம் வரவில்லையென்றால் நிபந்தனைகளைத் தளர்த்தி மறுபடி முயல வேண்டும். எதைத் தளர்த்தியதும் மரம் வந்ததோ, அதுதான் பிழை. கண்டுபிடிப்பு, இடம், காரணம் மூன்றும் ஒரே அடியில் கிடைத்துவிடுகின்றன. அந்தக் குழுவிலிருந்த ஜார்ஜ் ஹைடார்ன், கேரன் ஜென்சன் ஆகியோர் பின்னர் மைக்ரோசாஃப்டுக்குச் சென்றார்கள். வேர்டு 97இல் வந்த இலக்கணத் திருத்தி அங்கே நடந்த வேலையின் பலன்.

இன்னொரு வழி, பிழைகளையே விதிகளாக எழுதிவைப்பது. மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழை எதுவென்று தெரிந்தால் அதற்கும் இலக்கணத்தில் ஓர் இடம் கொடுத்து, 'இது பிழை' என்று அட்டை ஒட்டிவிடலாம். மொழி கற்பவர்களுக்கான மென்பொருளில் இது நன்றாக வேலை செய்யும்.

மனிதர்கள் வரைந்த மரங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இன்றைய பகுப்பான்களிடம் குறை நேர் எதிரானது. எதைக் கொடுத்தாலும் ஒரு மரம் வரைந்துவிடும், பத்துச் சொல்லைக் குலுக்கிப் போட்டாலும் வரையும். மரம் வந்துவிட்டது என்பதால் வாக்கியம் சரி என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. அவை பெரும்பாலும் திருத்தப்பட்ட செய்தி உரையில் கற்றவை, அதனால் பிழை மலிந்த உரையில் மரமும் கோணலாகும்.

சந்திப்பிழைக்கும் வாக்கிய அமைப்புக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. 'குருவிக் கூடு கீழே விழுந்தது' என்பதில் ஒற்று மிகும், ஏனென்றால் அது குருவியினுடைய கூடு. 'குருவி கூடு கட்டியது' என்பதில் மிகாது, ஏனென்றால் குருவி எழுவாய். அடுத்தடுத்து நிற்கும் அதே இரண்டு சொற்கள்தான். ஒற்று வருமா என்பதைத் தீர்மானிப்பது மூன்றாவது, நான்காவது சொல்லில் இருக்கிறது. தமிழ் எழுதுபவர்களுக்குச் சந்தியில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த வகை என்பது என் கணிப்பு. காதில் ஒலிக்கும் விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், உள்ளே இருப்பது தொடர் இலக்கணம்.

முழு மரம் இல்லாமல் திருத்தி செய்யவே முடியாதா?

முடியும், பல திருத்திகள் அப்படித்தான் இயங்குகின்றன. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸுக்காக எழுதப்பட்ட 'ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்' நிரல்கள் சொல்வகையைக் கணித்து, நடையைப் பற்றிச் சொல்லின. டேனியல் நாபர் 2003இல் தன் ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய லாங்குவேஜ்டூல், சொல்வகைக் குறியிட்ட தொடர்களில் 'இந்த வடிவம் வந்தால் பிழை' என்ற வார்ப்புகளைத் தேடுகிறது. யார் வேண்டுமானாலும் ஒரு விதியை எழுதிச் சேர்க்கலாம் என்பது அதன் பெரிய பலம்.

நடுவழி ஒன்றும் உண்டு. ஃபின்லாந்தின் ஃபிரெட் கார்ல்சன் 1990இல் முன்வைத்த கட்டுப்பாட்டு இலக்கணம். ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லா வாசிப்பையும் கொடுத்துவிட்டு, சூழலுக்குப் பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வரும். வட ஐரோப்பாவின் சாமி மொழிக்குப் பேசுவோர் குறைவு, உரைத் திரட்டும் சிறிது. அங்கே இந்த முறையில் இலக்கணத் திருத்தியே செய்துவிட்டார்கள். தமிழில் இதை இன்னும் தீவிரமாக முயல வேண்டும் என்பது என் ஆசை.

எல்லா விதிமீறலும் பிழைதானா?

இல்லை. நம் இலக்கண மரபு இதை வேறு யாரையும்விடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நன்னூல் வழுவை ஏழாக எண்ணுகிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. பிழைதிருத்தி செய்பவருக்கு இது அப்படியே ஒரு வேலைப்பட்டியல். அதோடு விடாமல் வழுவமைதி என்றும் சொல்கிறது, அதாவது காரணம் இருந்தால் வழுவும் ஏற்கப்படும். மாட்டைத் தடவிக்கொண்டு 'என் அம்மா வந்துவிட்டாள்' என்றால் உவப்பினால் வந்த திணை மாற்றம். இன்னும் எழுந்திருக்காதவர் 'இதோ வந்துவிட்டேன்' என்றால் விரைவினால் வந்த கால மாற்றம்.

பகுப்பான் இந்த மோதல்களைக் காணும், காரணத்தைக் காணாது. ஆகவே மேற்கோள் குறிக்குள் இருக்கும் பேச்சில் திணை, கால விதிகளை நான் அணைத்துவைத்திருக்கிறேன். கதை எழுதுபவரின் உரையாடலைத் திருத்த ஒரு நிரலுக்கு உரிமை இல்லை.

'95 சதவீதம் துல்லியம்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அது நல்ல எண்தானே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 வாக்கியத்தில் 40இல் பிழை என்று வைத்துக்கொள்வோம். திருத்தி அதில் 36ஐப் பிடிக்கிறது. மீதி 960 நல்ல வாக்கியங்களில் 5 சதவீதத்தில் மட்டும் தவறாகக் கோடு போடுகிறது, அதாவது 48. மொத்தம் 84 கோடு, அதில் பாதிக்கு மேல் பொய். நாலு பொய்க்கோட்டைப் பார்த்தவர் ஐந்தாவதைப் பார்க்க மாட்டார், அது உண்மையாகவே இருந்தாலும்.

அதனால்தான் 2014இல் கோனல் என்ற கணினி மொழியியல் மாநாட்டில் நடந்த பிழைதிருத்தப் பொதுப்போட்டியில் எஃப் 0.5 என்ற அளவையை வைத்தார்கள். எத்தனை பிழையைப் பிடித்தாய் என்பதைவிட, பிடித்ததில் எத்தனை உண்மை என்பதற்கு அது இரட்டை எடை கொடுக்கிறது.

சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள் வந்துவிட்டனவே, இனியும் மரம் வேண்டுமா?

பிழை திருத்துவதில் அவை திறமையானவை, அதில் சந்தேகமில்லை. மரம் வரையாமலேயே வாக்கியத்தைச் சரிசெய்து கொடுத்துவிடுகின்றன. எனக்குள்ள கவலை, அவை கேட்டதற்கு மேல் செய்வது. ஒரு விகுதியைத் திருத்தச் சொன்னால் வாக்கியத்தையே மெருகேற்றித் தருகின்றன, எழுதியவருடைய நடை காணாமல் போகிறது. காரணம் கேட்டால் சொல்லும் விளக்கம், உண்மையில் நடந்த திருத்தத்தோடு பொருந்தாமலும் போகலாம். 'பெட்டிகள் எழுவாய், அதனால் இருந்தன' என்று மரத்திலிருந்து வரும் விளக்கத்தை மாணவர் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்ப்பதே நல்லது என்று நினைக்கிறேன்: மாதிரி திருத்தம் சொல்லட்டும், பகுப்பான் அதற்குக் காரணம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

தமிழுக்கு இப்போது என்ன இருக்கிறது?

நீச்சல்காரன் உருவாக்கிய நாவி சந்தியைப் பார்க்கிறது, வாணி எழுத்துப்பிழையைப் பார்க்கிறது. தொடர்ப் பகுப்புக்கு யூடிபைப், ஸ்டான்சா என்ற இரண்டு பகுப்பு நிரல்களிலும் தமிழுக்குப் பயிற்சி பெற்ற மாதிரி கிடைக்கிறது. அவை கற்றுக்கொண்டது பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தமிழ் மரவங்கியில், அதாவது மரம் வரைந்துவைத்த வாக்கியங்களின் தொகுப்பில். அதன் அளவு 600 வாக்கியம். பின்னர் 534 வாக்கியம் கொண்ட இன்னொரு மரவங்கியும் வந்தது. ஆங்கிலத்துக்கு 1990களிலேயே பென் மரவங்கியின் ஒரு பகுதியில் மட்டும் சுமார் 10 லட்சம் சொற்களுக்கு மரம் வரைந்து முடித்திருந்தார்கள். புதிய நிரலைவிட, இலக்கணம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து கையால் வரைந்த சில ஆயிரம் மரங்கள்தான் தமிழுக்கு உடனடித் தேவை.

மரத்துக்கு அகப்படாத பிழை எது?

'மரத்தில் எறி விழுந்தான்' என்று எழுதினால் அகப்படும். 'ஏறி' என்ற எச்சம் நிற்க வேண்டிய இடத்தில் 'எறி' என்ற ஏவல் நிற்கிறது, அதைத் தொங்கவிட மரத்தில் இடம் கிடையாது. 'சுவரில் பள்ளி ஊர்ந்தது' அகப்படாது. பல்லியும் பெயர்ச்சொல், பள்ளியும் பெயர்ச்சொல், மரம் ஒன்றேதான். எது ஊரும், எது ஊராது என்ற அறிவு வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

தட்டச்சு செய்யும்போதே ஏன் கோடு வருவதில்லை?

தமிழில் முற்றுவினை கடைசியில் வருகிறது. 'அந்தப் பெட்டிகள் நேற்று வந்த' வரை எழுதி நிறுத்தினால், இனி எந்த மரமும் வரலாம். அதற்குள் குறுக்கிட்டால் எழுதுபவரின் சிந்தனை அறுந்துவிடும். முற்றுப்புள்ளி விழும்வரை என் நிரல் காத்திருக்கிறது. புள்ளி வைக்காமல் அடுத்த வரிக்குப் போனால் வரி முடிந்ததையே புள்ளியாக எடுத்துக்கொள்ளும்.